ஆயிரம் பெண்களைக் கேட்ட சங்கம்

1878 ஆகஸ்ட் மாதம். இங்கிலாந்தின் பாத் நகரில் பிரிட்டிஷ் மெடிக்கல் அசோசியேஷனின் ஆண்டுக் கூட்டம். நாடெங்கிலுமிருந்து டாக்டர்கள் வந்திருந்தார்கள். பெண்களை இனிமேல் உறுப்பினராகச் சேர்ப்பதில்லை என்று அந்தக் கூட்டம் முடிவெடுத்தது. ஏற்கெனவே உள்ளே இருந்த ஒரு பெண்ணை மட்டும் அவர்களால் வெளியேற்ற முடியவில்லை. அவர் 1873-லேயே முறைப்படி சேர்ந்தவர். பெயர் எலிசபெத் காரெட் ஆண்டர்சன். அன்றிலிருந்து 1892 வரை, ஆயிரக்கணக்கான ஆண்கள் இருந்த அந்தச் சங்கத்தில் அவர் ஒருவர்தான் பெண்.

அது வெறும் மனமகிழ் மன்றம் அல்ல. வாரந்தோறும் வரும் மருத்துவ இதழ் அதனுடையது. புதிய சிகிச்சைகளைப் பற்றி டாக்டர்கள் பேசிக்கொண்டது அதன் கிளைக் கூட்டங்களில்தான். சிக்கலான நோயாளி வந்தால் யாரிடம் அனுப்பலாம், எந்த ஊர் ஆஸ்பத்திரியில் இடம் காலியாகிறது என்பதெல்லாம் அந்தப் பழக்கத்தில்தான் தெரியவரும். தொழிலின் உயிர்நாடியே அங்கே ஓடியது. பட்டம் வாங்கிய பெண்ணுக்கு அந்தக் கதவைச் சாத்தினால் அவள் பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மறு ஆண்டே, 1879-இல், லண்டனில் பெண் டாக்டர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். பதிவுபெற்ற மருத்துவப் பெண்கள் சங்கம் என்பது அதன் பெயர். 1917-இல் உருவான மெடிக்கல் விமன்ஸ் ஃபெடரேஷன் என்ற கூட்டமைப்புக்கு இதுதான் விதை. ஆனால் இந்தக் கதையை 1879-இல் தொடங்கினால் பாதிதான் புரியும். அந்தச் சிறு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னென்ன கடந்து வந்தார்கள் என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தாக வேண்டும்.

எலிசபெத் காரெட்டை எந்த மருத்துவக் கல்லூரியும் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் தனித்தனி ஆசிரியர்களிடம் காசு கொடுத்துப் படித்தார். மருந்தாளர் கழகம் ஒன்று நடத்திய தேர்வுக்கான விதியில் பெண்ணுக்குத் தடை எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. யாரும் அப்படி ஒருத்தி வருவாள் என்று நினைக்காததால் எழுதாமல் விட்டிருந்தார்கள். 1865-இல் அவர் அந்த வழியாகத் தேறி லைசென்ஸ் வாங்கினார். உடனே அந்தக் கழகம் விதியைத் திருத்தியது: தனியாகப் படித்தவர்கள் இனித் தேர்வு எழுத முடியாது. கல்லூரியோ பெண்ணைச் சேர்க்காது. ஆக, அவருக்குப் பின்னால் வந்த பெண்களுக்கு அந்த வழி அடைபட்டது.

அடுத்து எடின்பரோ. 1869-இல் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக், எடித் பீச்சி, இசபெல் தோர்ன் உள்ளிட்ட ஏழு பெண்கள் அங்கே பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டார்கள். வேதியியலில் எடித் பீச்சி எடுத்த மதிப்பெண்ணுக்கு ஹோப் உதவித்தொகை அவருக்குத்தான் வந்திருக்க வேண்டும். அவர் பெண்களுக்கான தனி வகுப்பில் படித்தவர் என்று காரணம் சொல்லி அதைப் பின்னால் நின்ற ஆண் மாணவருக்குக் கொடுத்தார்கள். தனி வகுப்பில் உட்கார வைத்தவர்களும் அவர்களேதான். 1870 நவம்பர் 18 அன்று அந்தப் பெண்கள் உடற்கூறியல் தேர்வு எழுதப் போனபோது ஒரு கும்பல் வாசலை மறித்துச் சேற்றை வாரி வீசியது. உள்ளே தேர்வு நடந்துகொண்டிருந்த அறைக்குள் ஓர் ஆட்டைத் தள்ளிவிட்டார்கள். 1873-இல் நீதிமன்றமும் பெண்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நான்கு ஆண்டு படித்தும் எடின்பரோவில் பட்டம் கிடையாது என்றாயிற்று.

ஜெக்ஸ்-பிளேக் அசரவில்லை. லண்டனுக்குப் போய் 1874-இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி ஒன்றையே தொடங்கினார். பதினான்கு மாணவிகள். வகுப்பு நடந்தது, ஆனால் நோயாளிகளைப் பார்த்துப் பழக எந்த ஆஸ்பத்திரியும் இடம் தரவில்லை, தேர்வு நடத்த எந்த அமைப்பும் முன்வரவில்லை. 1876-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பெண்களுக்குத் தேர்வு நடத்த விரும்பும் அமைப்புகள் நடத்தலாம் என்றது. நடத்தியாக வேண்டும் என்று அது சொல்லவில்லை. அயர்லாந்தின் மருத்துவர் கல்லூரி முதலில் இசைந்தது. 1877-இல் லண்டன் ராயல் ஃப்ரீ ஆஸ்பத்திரி தன் வார்டுகளைத் திறந்துவிட்டது.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று இந்த இடத்தில் வருகிறது. லண்டனில் இப்படித் திண்டாடிக்கொண்டிருந்த 1875-இல், சென்னை மருத்துவக் கல்லூரி நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அதில் ஒருவர் மேரி ஷார்லீப், சென்னையில் வழக்கறிஞராக இருந்த ஓர் ஆங்கிலேயரின் மனைவி. ஆண் டாக்டரிடம் காட்ட மறுத்துப் பிரசவத்திலேயே மடிந்துபோகும் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டுத்தான் அவர் படிக்கக் கிளம்பினார். முதலில் சென்னைப் பிரசவ ஆஸ்பத்திரியில் பயிற்சி, பிறகு கல்லூரி, 1878-இல் தேர்ச்சி. லண்டன் போய் 1882-இல் அங்கும் பட்டம் வாங்கித் திரும்பி வந்தார். 1885-இல் அவர் முயற்சியால் தொடங்கியதுதான் திருவல்லிக்கேணியில் சென்னைவாசிகள் இன்றைக்கும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. உடல்நலம் கெட்டு 1887-இல் இங்கிலாந்து திரும்பிய ஷார்லீப், லண்டனில் பெயர்பெற்ற அறுவை மருத்துவராக இருந்தார். பெண்ணுக்கு மருத்துவம் படிக்கத் திராணி உண்டா என்று லண்டன் கேட்டுக்கொண்டிருந்தபோது சென்னையில் விடை கிடைத்துவிட்டது. இதை நாம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம்.

அந்தக் கேள்வியை லண்டன் எப்படிக் கேட்டது என்பதுதான் இந்தக் கதையின் மையம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெண்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய அதே 1874-இல், புகழ்பெற்ற மனநல மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லி ஒரு கட்டுரை எழுதினார். மாதவிடாய் பெண்ணின் சக்தியை மாதாமாதம் உறிஞ்சுகிறது. அந்த வயதில் ஆண்களுக்குச் சமமாக மூளையைக் கசக்கினால் உடம்பு கெடும், தாய்மைக்குத் தகுதியில்லாமல் போய்விடுவாள் என்பது அவருடைய வாதம். அவர் எத்தனை பெண்களிடம் கேட்டார்? எத்தனை மாணவிகளைப் பரிசோதித்தார்? அப்படி எதுவும் இல்லை. டாக்டர் சொல்கிறார், அவ்வளவுதான். அதே பத்திரிகையின் அடுத்த மாத இதழிலேயே எலிசபெத் காரெட் ஆண்டர்சன் பதில் எழுதினார். வீட்டு வேலைக்காரப் பெண்கள் மாதத்தில் எல்லா நாளும் பாத்திரம் தேய்க்கிறார்கள், தண்ணீர் தூக்குகிறார்கள், மாடிப்படி ஏறி இறங்குகிறார்கள். அவர்களுக்கு யாரும் ஓய்வு தரச் சொல்லவில்லையே என்று கேட்டார். படிப்பதால் வரும் கேட்டைவிட, செய்ய ஒன்றுமில்லாமல் வீட்டில் முடங்கிக் கிடப்பதால் இளம்பெண்களுக்கு வரும் கேடு பெரிது என்றார்.

பதில் நல்ல பதில்தான். ஆனால் அதுவும் ஒரு டாக்டரின் அனுபவம் மட்டுமே. மாட்ஸ்லிகளுக்குச் சரியான பதில் சொல்ல எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கை எடுக்க நிறைய பெண் டாக்டர்கள் வேண்டும். அவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே மாதிரி கேள்வி கேட்க வேண்டும். அதற்குச் சங்கம் வேண்டும். இந்த நான்கும் கைகூட ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆயின.

1881 மக்கள்தொகைக் கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த பெண் டாக்டர்கள் 25 பேர். 1891-இல் 101. 1901-இல் 212. சங்கம் இந்த வேகத்தில்தான் வளர்ந்தது. கூடினார்கள், தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசினார்கள், ஆலோசனை கேட்டுக்கொண்டார்கள். ஆண்கள் தங்கள் சங்கத்தில் செய்துகொண்டிருந்ததை இவர்கள் இங்கே செய்தார்கள். வெளியூர்களிலும் இதேபோன்ற சங்கங்கள் முளைத்தன. 1892-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் அசோசியேஷன் தன் பழைய தீர்மானத்தைக் கைவிட்டுப் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. அப்போதே பெண்கள் தங்கள் சங்கத்தைக் கலைத்துவிட்டு அங்கே போயிருக்கலாம். போனார்கள், ஆனால் கலைக்கவில்லை. உள்ளே இடம் கிடைப்பதும், உள்ளே பேச்சு எடுபடுவதும் வேறு வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு 1914. போர் வந்தது. எடின்பரோ அறுவை மருத்துவர் எல்சி இங்கிலிஸ், பெண்களே நடத்தும் ஆஸ்பத்திரிகளைப் போர்முனைக்கு அனுப்பத் தயார் என்று ராணுவ அலுவலகத்தில் போய்ச் சொன்னார். வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்கும்படி அவருக்குப் பதில் கிடைத்தது. அவர் பிரான்சிடமும் செர்பியாவிடமும் கேட்டார், அவர்கள் வரவேற்றார்கள். ஃப்ளோரா மர்ரேயும் லூயிசா காரெட் ஆண்டர்சனும் (எலிசபெத்தின் மகள்) ராணுவ அலுவலகத்தின் பக்கமே போகாமல் நேராகப் பிரெஞ்சு செஞ்சிலுவைச் சங்கத்தை அணுகி, பாரிசில் ஒரு ஹோட்டலை ஆஸ்பத்திரியாக்கினார்கள். வாக்குரிமைப் போராட்டத்தில் சிறை சென்றவர் லூயிசா. அரசாங்கம் எப்படிப் பேசும் என்று அவருக்கு முன்பே தெரியும்.

அவர்களுடைய வேலையைப் பார்த்த பிறகு அதே ராணுவம் 1915-இல் லண்டன் எண்டெல் தெருவில் ஒரு பழைய ஏழையர் விடுதிக் கட்டடத்தைக் கொடுத்தது. 573 படுக்கைகள். அறுவை மருத்துவர், மயக்க மருந்து தருபவர், பல் மருத்துவர், நோயியல் மருத்துவர் எல்லாரும் பெண்கள். அதுவரை பெண்களையும் குழந்தைகளையும் மட்டுமே பார்த்துவந்த கைகள், குண்டடிபட்ட ஆண்களின் உடம்பைத் திறந்து தைத்தன. 1919-இல் மூடப்படும்வரை அங்கே சிகிச்சை பெற்றவர்கள் ஏறக்குறைய 26,000 பேர். பெண் டாக்டருக்கு எது முடியும், எது முடியாது என்று அரை நூற்றாண்டாக நடந்த விவாதத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

ஆனால் சான்று கிடைத்தால் உரிமை தானாக வந்துவிடும் என்பதில்லை. 1916-இல் ராணுவமே பெண் டாக்டர்களைக் கூப்பிட்டு மால்டா தீவுக்கு அனுப்பியது. ஆண் டாக்டர்கள் செய்த அதே வேலை. ஆனால் ராணுவப் பதவி கிடையாது, சீருடை கிடையாது. பதவி இல்லாதவர் ராணுவ அதிகாரி அல்ல என்பதால் அதிகாரிகளுக்குரிய வருமான வரிச் சலுகையும் கிடையாது. மலேரியாவிலும் வயிற்றுக்கடுப்பிலும் துவண்டு வந்த சிப்பாய்களைக் கவனிக்கும் ஒரு டாக்டரின் ஆணையை, அவர் தோளில் பட்டை இல்லை என்பதற்காக ஓர் ஆர்டர்லி தட்டிக்கழிக்க முடியும். இது சம்பளப் பிரச்சினை மட்டுமல்ல, நோயாளியின் உயிர்ப் பிரச்சினையும்கூட.

இதை அரசிடம் பேச யார் போவது? லண்டன் சங்கம் ஒரு கடிதம் எழுதும், வடக்கே உள்ள சங்கம் இன்னொன்று எழுதும். சிதறிய குரலுக்கு அரசு அலுவலகம் செவிசாய்க்காது. 1917-இல் எல்லாச் சங்கங்களும் ஒன்றாகி மெடிக்கல் விமன்ஸ் ஃபெடரேஷன் பிறந்தது. முதல் தலைவர் ஜேன் வாக்கர். காசநோய்க்குத் திறந்தவெளிச் சிகிச்சையை இங்கிலாந்தில் கொண்டுவந்தவர்களில் முன்னோடி. சஃபோக்கில் நேலண்ட் என்ற ஊரில் சானடோரியம் நடத்தியவர். ராணுவப் பதவி கேட்டு அவர் தலைமையில் கூட்டமைப்பு விடாமல் போராடியது. போர் முடியும்வரை அது கிடைக்கவில்லை. பிறந்த உடனே எடுத்த முதல் பெரிய கோரிக்கையிலேயே தோல்வி. ஆனாலும் கூட்டமைப்பு நின்றது.

நிற்க வேண்டிய தேவையும் இருந்தது. போர்க்காலத்தில் ஆண் மாணவர்கள் குறைந்தபோது பெண்களைச் சேர்த்துக்கொண்ட லண்டன் ஆஸ்பத்திரிக் கல்லூரிகள், 1920-களில் ஒவ்வொன்றாகத் திரும்பவும் கதவைச் சாத்தின. லண்டன் ஹாஸ்பிட்டல் 1922-இல் சொன்ன காரணம், கூச்சம் தரும் பாடங்களை ஆண்களையும் பெண்களையும் சேர்த்து வைத்து நடத்துவது கஷ்டம் என்பது. எடின்பரோவில் 1870-இல் சொன்னதும் ஏறக்குறைய இதேதான். அந்தக் கதவுகள் முழுதாகத் திறக்க, அரசு மானியம் வேண்டுமென்றால் பெண்களையும் சேர்த்தாக வேண்டும் என்று 1944-இல் குட்இனஃப் குழு பரிந்துரைக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு சம்பவம் என்னை மிகவும் உறுத்துவது. 1921-இல் லண்டன் செயின்ட் பேங்க்ரஸ் நகராட்சியில் தாய்சேய் நலப் பிரிவில் கிளாடிஸ் மியால்-ஸ்மித் என்ற டாக்டர் வேலை பார்த்தார். கல்யாணம் செய்துகொண்டார். உடனே நகராட்சி அவரை வேலையை விட்டு நீக்கியது. பாலின அடிப்படையிலோ திருமணத்தைக் காட்டியோ தகுதி மறுக்கக் கூடாது என்று 1919-இலேயே சட்டம் வந்தாகிவிட்டது. தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் ஆலோசனை சொல்லும் வேலைக்கு, கல்யாணமானவர் என்பது ஒரு குறையாம்! கூட்டமைப்பு கண்டனம் தெரிவித்தது. நகராட்சி மசியவில்லை.

இப்படித் தோல்விகளாக அடுக்கினால் இந்தச் சங்கம் எதைத்தான் சாதித்தது என்று கேட்கத் தோன்றும். பதவியும் வேலையும் கேட்ட இடங்களில் அது மெதுவாகத்தான் வென்றது. ஆனால் மாட்ஸ்லியின் கட்டுரைக்குப் பதில் சொல்லும் வேலையை இதற்குள் அது கையில் எடுத்திருந்தது.

செல்டனாமில் இருந்த ஆலிஸ் சாண்டர்சன் க்ளோ என்ற டாக்டர் பள்ளி மாணவிகளின் மாதவிடாயைப் பற்றி விசாரித்தார். ஆரோக்கியமான 1,200 பெண்கள். 1920-இல் அந்த ஆய்வு வெளியானது. வெளியிட்டது வேறு எதுவுமல்ல, 1878-இல் கதவைச் சாத்திய அதே சங்கத்தின் இதழ். பெரும்பாலான மாணவிகளுக்கு அந்த நாட்களில் முடங்கிக் கிடக்க வேண்டிய நிலை இல்லை. குளிக்கக் கூடாது, ஓடக் கூடாது, விளையாடக் கூடாது என்று அம்மாக்களும் ஆசிரியைகளும் சொல்லிவந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மாறாக, குளித்து, உடற்பயிற்சி செய்த பெண்களுக்கு வலி குறைந்தது. கூட்டமைப்பும் இதே வழியில் நின்று, மாதவிடாய் நோயல்ல, அந்த நாட்களில் வழக்கமான வாழ்க்கையைத் தொடரலாம் என்று பள்ளிகளுக்கும் பெற்றோருக்கும் சொல்லியது.

அடுத்து மாதவிடாய் நிற்கும் காலம். ஐம்பதை ஒட்டிய பெண்ணுக்குப் புத்தி தடுமாறும், பொறுப்பான வேலைக்கு அவள் லாயக்கில்லை என்பது அப்போது மருத்துவர்கள் உட்படப் பலரும் நம்பிய ஒன்று. ஆனால் டாக்டரிடம் வருபவர்கள் தொந்தரவு உள்ளவர்கள் மட்டுமே. தொந்தரவு இல்லாதவர் ஏன் ஆஸ்பத்திரிக்கு வரப்போகிறார்? வந்தவர்களை மட்டும் பார்த்து எழுதிய பாடப்புத்தகத்தில் எல்லாப் பெண்களும் நோயாளிகளாகத் தெரிந்ததில் வியப்பில்லை. கூட்டமைப்பின் உறுப்பினர்கள் ஆயிரம் பெண்களைக் கேட்டார்கள். விடைகளைத் தொகுத்து 1933-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். உடம்பில் திடீரென்று சூடு பரவுவது பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இருந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த ஆயிரத்தில் ஏறக்குறைய 900 பேர், இதனால் ஒருநாள்கூடத் தங்கள் அன்றாட வேலை தடைப்படவில்லை என்றார்கள்.

இந்த இரண்டு ஆய்வுகளையும் நான் அந்தக் கூட்டமைப்பின் உண்மையான பிறந்தநாளாக நினைக்கிறேன். கேட்டது பெரிய கேள்வி அல்ல. உனக்கு எப்படி இருக்கிறது அம்மா என்பதுதான் கேள்வி. அதை ஆயிரம் பேரிடம் ஒரே மாதிரி கேட்டு, சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ள, அந்தப் பெண்கள் கூச்சமில்லாமல் பேசக்கூடிய டாக்டர்கள் ஊர் ஊராகத் தேவைப்பட்டார்கள். 1874-இல் அப்படிப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணியிருக்கலாம்.

அவர்கள் எல்லா விஷயத்திலும் ஒத்த கருத்துக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். கருத்தடை விஷயத்தில் கடுமையாகப் பிரிந்து நின்றார்கள். நம் மேரி ஷார்லீப் அதைக் கடைசிவரை எதிர்த்தார்; இளைய டாக்டர்கள் பலர் அதற்கான கிளினிக்குகளில் வேலை பார்த்தார்கள். ஷார்லீப்பின் அந்த நிலைப்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் வாக்குரிமை கேட்டுச் சிறை போனவரும் பக்தியும் கட்டுப்பாடுமாக வாழ்ந்தவரும் ஒரே மருத்துவத் தலைமுறையில் இருந்தார்கள் என்பது அந்தத் தலைமுறையின் பலம்தான்.

ஆயிரம் பெண்களின் ஆய்வு வெளியான அதே 1933-இல், கூட்டமைப்பின் முன்னாள் தலைவர் கிறிஸ்டின் மர்ரல் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சிலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். யார் டாக்டர், யார் டாக்டரில்லை என்று முடிவுசெய்யும் அந்த அவைக்குத் தேர்வான முதல் பெண் அவர். 1924-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் அசோசியேஷனின் நிர்வாகக் குழுவில் இடம்பெற்ற முதல் பெண்ணும் அவரே. கவுன்சில் இருக்கையில் போய் உட்காருவதற்குள் அந்த ஆண்டே காலமானார்.

கூட்டமைப்பு இன்றும் இயங்குகிறது. ஆனால் அது கேட்ட கேள்வியை நம் வீடுகளில் இன்னும் பலர் கேட்கவில்லை. விலக்கு நாட்களில் விளையாட்டு வகுப்புக்குப் போகாதே என்று ஒரு பெண்பிள்ளையிடம் சொல்லும் முன், அவளுக்கு வலி இருக்கிறதா என்று கேளுங்கள். ஐம்பதை எட்டிய அம்மாவோ அத்தையோ எரிந்து விழுந்தால், வயசாகிவிட்டது என்று தள்ளிவிடாமல், ராத்திரி தூக்கம் வருகிறதா, உடம்பு திடீரென்று வேர்க்கிறதா என்று கேளுங்கள். தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பெண் டாக்டர்தான் வேண்டும் என்று அவர் கேட்டால், தேடிக் கண்டுபிடித்துக் கூட்டிப் போங்கள்.